கேஎச் டெஸ்டருக்கு வீட்டு சர்வீஸ்: சுத்தம் பிரமாதம், கேலிபரேஷன் பாதிதான்

ஆதம்பாக்கத்தில் பவளம் வளர்க்கும் எங்கள் வீட்டு நாலடி ரீஃப் தொட்டிக்கு ஒரு தானியங்கி கேஎச் டெஸ்டர் இருக்கிறது. அதை வீட்டுக்கே வந்து சர்வீஸ் செய்து தரும் ஒரு கம்பெனியைக் கூப்பிட்டிருந்தேன். இது அந்த சர்வீஸைப் பற்றிய ரிவ்யூ. சர்வீஸ் முடிந்த கையோடு கருவி தப்பாகக் காட்ட ஆரம்பித்தது. கோளாறை எங்கெங்கே தேடிப் பிடித்தேன் என்பதையும் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் அன்று ராத்திரி தமிழில் தேடியபோது எனக்கு உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. கம்பெனி பெயரும் மாடல் பெயரும் போடவில்லை. ஆசிட் விட்டு அளக்கும் எந்தக் கருவிக்கும் விஷயம் ஒன்றுதான். மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சுத்தம் செய்ததற்கு ஐந்துக்கு ஐந்து. கேலிபரேஷனுக்கு, அதாவது கருவியின் அளவைச் சரிபார்த்துத் திருத்தியதற்கு, முதல் விசிட்டில் ஐந்துக்கு ஒன்றரை, மறு விசிட்டில் நாலரை.

கேஎச் என்று நாம் சொல்வது தண்ணீரின் காரத்தன்மையை. பவளம் தன் கூட்டைக் கட்ட எடுத்துக்கொள்ளும் சரக்கு தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அதுதான் கணக்கு. இயற்கைக் கடல்நீரில் சுமார் 6.5 முதல் 7 டிகிரி இருக்கும். தொட்டியில் பெரும்பாலோர் 7-க்கும் 9-க்கும் நடுவே வைத்துக்கொள்கிறோம். அந்த எண் எவ்வளவு என்பதைவிட அது ஆடாமல் இருப்பதுதான் முக்கியம். ஒரு நாளில் ஒரு டிகிரிக்கு மேல் ஏறவோ இறங்கவோ விடக்கூடாது என்பது பலரும் பின்பற்றும் கைக்கணக்கு. அக்ரோபோரா மாதிரி குச்சிப் பவளங்கள் ஆட்டத்தைத் தாங்காது, நுனி கருகும், அடியிலிருந்து சதை உரிய ஆரம்பிக்கும். வளர்ந்த பவளம் நிறைய இருக்கும் தொட்டி ஒரே நாளில் ஒரு டிகிரிக்கு மேலேகூடக் குடித்துவிடும் என்பதால் டோசர் என்ற சின்னப் பம்ப் வைத்து, கேஎச் கூட்டும் கரைசலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி ஈடு கட்டுகிறோம். எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று டோசருக்குச் சொல்வது இந்த டெஸ்டர்தான். டெஸ்டர் ஒரு டிகிரி அதிகமாகக் காட்டினால் டோசர் கையைச் சுருக்கும், தொட்டியில் உண்மையான கேஎச் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே போகும். திரையில் எல்லாம் நன்றாக இருக்கும், தொட்டியில் பவளம் வெளுக்கும். சர்வீஸ் தினத்தில் டெஸ்டருக்கும் டோசருக்கும் உள்ள இணைப்பைத் துண்டித்து, டோசரைப் பழைய சராசரி அளவிலேயே ஓடவிட்டிருந்தேன். யாரை சர்வீஸுக்குக் கூப்பிட்டாலும் இதை மட்டும் தவறாமல் செய்யுங்கள், கருவி தேறிவிட்டது என்று உறுதியாகும்வரை இணைப்பைத் திரும்பக் கொடுக்காதீர்கள்.

கருவி செய்வது பள்ளிக்கூட லேபில் நாம் செய்த டைட்ரேஷன்தான். ஒரு பம்ப் தொட்டித் தண்ணீரை அளந்து கிண்ணத்தில் விடும், என் மாடலில் 50 மில்லி. கிண்ணத்தின் அடியில் ஒரு சின்னக் காந்தக் குச்சி சுற்றிக் கலக்கும். இன்னொரு பம்ப் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைத் துளித்துளியாக விடும். அமிலத்தன்மையை உணரும் பிஎச் புரோப் பார்த்துக்கொண்டே இருந்து, பிஎச் 4.5 பக்கம் வந்ததும் போதும் என்று நிறுத்தும். எவ்வளவு ஆசிட் செலவானது என்பதை வைத்து கேஎச் கணக்காகும். புரோப்புக்குப் பதில் நிறமாற்றத்தை ஒளி சென்சாரால் பார்க்கும் கருவிகளும் உண்டு. நெப்டியூனின் டிரைடென்ட் அந்த வகை, அது கால்சியம், மெக்னீசியத்தையும் சேர்த்தே அளக்கும். எந்த வகையானாலும் விடை முதலில் மூன்று விஷயங்களைப் பொறுத்தது. எடுத்த தண்ணீர் 50 மில்லிதானா, விட்டதாகக் கருவி நினைக்கும் ஆசிட் உண்மையிலேயே அவ்வளவுதானா, ஆசிட்டின் வீரியம் புட்டியில் எழுதியிருப்பதுதானா. புரோப் நாலாவதாகத்தான் வரும். சர்வீஸுக்கு வருகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பதுதான் என் குறை, இந்த ரிவ்யூவே அதற்காகத்தான்.

வந்த தம்பி வேலையில் சுறுசுறுப்பு. சொன்ன நேரத்துக்கு வந்தார், கீழே பழைய துணியை விரித்துக்கொண்டுதான் கருவியைத் திறந்தார். கிண்ணத்தின் ஓரத்தில் படிந்திருந்த வெள்ளைப் படிவத்தைச் சிட்ரிக் ஆசிட்டில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, ஆர்ஓ தண்ணீரில் அலசிப் புதுசு மாதிரி ஆக்கிவிட்டார். பம்புகளின் டியூப் எல்லாவற்றையும் மாற்றினார். பழைய பிஎச் புரோப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். பிஎச் தெரிந்த பஃபர் கரைசல் பாக்கெட்டுகளை என் கண் முன்னாலேயே பிரித்தார், தேதியையும் காட்டினார். அப்புறம் கருவியின் போன் ஆப்பில் பிஎச் 7, பிஎச் 4 என்று இரண்டு புள்ளி கேலிபரேஷன் போட்டார், ஒரு டெஸ்ட் ஓட்டினார், திரையில் ஏதோ ஓர் எண் வந்தது, சர்வீஸ் ஷீட்டில் ஓகே என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

சர்வீஸுக்கு முன்னால் வாரக்கணக்கில் 8.1, 8.2 என்று கோடு போட்ட மாதிரி போய்க்கொண்டிருந்தது. அன்று ராத்திரி 9.2, அடுத்து 9.8, அடுத்து 9.1, விடியற்காலையில் 9.9. கையால் சோதிக்கும் கிட்டில் பார்த்தால் 8.2 பக்கமே இருந்தது. போன் போட்டேன். "அக்கா, புது புரோப் செட் ஆக டைம் எடுக்கும். கிட்டுல என்ன வருதோ அதுக்கு ஆஃப்செட் போட்டுடுங்க, சரியாயிடும். அப்பவும் வரலன்னா புரோப்ப மாத்திக் குடுக்கறேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், ஆனால் யோசனை தப்பு. ஆஃப்செட் என்றால் வரும் எண்ணோடு எப்போதும் ஒரே அளவைக் கூட்டியோ கழித்தோ காட்டச் சொல்வது. கோணல் தராசில் ஒரு கல்லை வைத்து முள்ளை நடுவில் நிறுத்துவது மாதிரிதான் ஆஃப்செட்டும், தராசின் கோணல் அப்படியே இருக்கும். 9.9 வந்த நேரத்தில் கிட்டுக்குச் சமன் செய்ய 1.7-ஐக் கழிக்கச் சொல்லியிருந்தால், அடுத்தது 9.1 வரும்போது திரையில் 7.4 காட்டும். டோசர் இணைப்பில் இருந்தால் கேஎச் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஊற்றித் தள்ளியிருக்கும்.

ஆக முதல் வேலை கேலிபரேஷன் இல்லை. ஒரே தண்ணீரைக் கொடுத்தால் ஒரே விடை வருகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. தொட்டியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரைத் தனியாக எடுத்து, சாம்பிள் டியூபை அதில் போட்டு, நாலைந்து முறை தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள். தொட்டியிலேயே வைத்துப் பார்த்தால் டோசர் ஊற்றிய வேளையோடு குழம்பிப் போகும். சொல்லப்போனால், சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டியில்) சாம்பிள் டியூபின் முனை டோசர் முனைக்குப் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சர்வீஸின்போது டியூபை எடுத்துத் திரும்பப் போடுகிறவர்கள் கிளிப் இருக்கும் இடத்தில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எண்கள் சிதறினால் கேலிபரேஷன் பட்டனில் கை வைக்கவே கூடாது. எல்லாம் ஒரே மாதிரி வந்து, ஆனால் தப்பாக இருந்தால் மட்டுமே கேலிபரேஷன் பக்கம் போகலாம். என்னுடையது குவளைத் தண்ணீரிலும் சிதறியது.

சிதறலுக்கு வழக்கமான காரணங்கள் இரண்டு, கலக்கும் குச்சியும் காற்றும். குச்சி அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை உருளை, கழுவும்போது கை தவறினால் சிங்க்கோடு போய்விடும், அல்லது மூலையில் ஒட்டிக்கொண்டு சுற்றாமல் நிற்கும். என்னுடையது ஒழுங்காகச் சுற்றியது. அப்புறம் அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஆசிட் டியூபைப் பார்த்தேன். பம்ப் தலைக்குப் போகும் இணைப்பில், டியூப் குழாய் மூக்கில் ஏறும் இடத்தில், கடுகளவு காற்றுக்குமிழ் ஒன்று உட்கார்ந்திருந்தது. பம்ப் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அது லேசாக நடுங்கி, சட்டென்று உள்ளே வழுக்கிப் போனது. அது போன இடத்தில் இன்னொன்று முளைத்தது. டியூபைக் கழற்றிப் பார்த்தால் நுனி சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. ஒரு பக்கம் முழுக்க ஏறியிருக்கிறது, எதிர்ப்பக்கம் பாதியில் நிற்கிறது, அந்த இடைவெளியில் காற்று இழுக்கிறது. கருவிக்கு அது தெரியாது. பம்ப் சுற்றிய சுற்றுக்கெல்லாம் ஆசிட் போய்விட்டதாக எண்ணிக்கொள்ளும், உள்ளே போனதில் ஒரு பங்கு வெறும் காற்று. அதனால் அதிகச் சுற்று, அதிக கேஎச். குமிழின் அளவு முறைக்கு முறை மாறுவதால் எண்ணும் குதிக்கும். புது பிளேடில் நேராக வெட்டி, அடிவரை அழுத்தி மாட்டி, லைன் முழுக்க ஆசிட் நிரம்பும்வரை ஓட்டிவிட்டேன். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள், நீர்த்த ஆசிட்தான் என்றாலும் கண்ணில் தெறித்தால் விளையாட்டில்லை.

அதன் பிறகு எண் சிதறவில்லை. 9.1, 9.1, 9.2, 9.1. நிலையாக, ஆனால் தப்பாக. இப்போதுதான் கேலிபரேஷன் பிரச்சினை என்ற பேச்சே வருகிறது.

இந்தப் பம்புகள் பெரிஸ்டால்டிக் வகை. உருளைகள் ரப்பர் டியூபை நசுக்கி நசுக்கித் தண்ணீரை முன்னால் தள்ளும். பம்புக்கு மில்லி என்றால் என்னவென்றே தெரியாது, சுற்று மட்டும்தான் தெரியும். இத்தனை சுற்றுக்கு இத்தனை மில்லி என்று நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில் நசுங்கிய டியூப் தளர்ந்து முழுசாக விரியாது, சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகவே தள்ளும். புது டியூப் முழுசாக விரியும், அதிகம் தள்ளும். கருவியின் நினைவில் இருப்பது பழைய டியூபின் கணக்கு. டியூபை மாற்றிவிட்டு அந்தக் கணக்கை மாற்றாமல் போனால், சாம்பிள் கூடிவிடும், அதை நடுநிலையாக்க ஆசிட்டும் கூடும், கேஎச் அதிகமாகக் காட்டும். ஆசிட் பம்பில் இதே கதை எதிர்த்திசையில் நடக்கும். புது ஆசிட் டியூப் சுற்றுக்கு அதிகம் தள்ளினால் சீக்கிரமே முடிந்துவிடும், கேஎச் குறைவாகக் காட்டும். குறைவாகத் தள்ளினால் அதிகமாகக் காட்டும். மாட்டும்போது டியூபை எவ்வளவு இழுத்து மாட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்துக்கூட இது மாறும். அதனால் இரண்டு டியூபும் புதுசுதானே, ஒன்றுக்கொன்று சரிக்கட்டிவிடும் என்று நம்ப முடியாது.

அளந்து பார்ப்பது சுலபம். 0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசு போதும். ஒரு சின்னக் கப்பை வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, சாம்பிள் பம்பின் வாயை அதில் விட்டு, ஆர்ஓ தண்ணீரை வைத்து 50 மில்லி ஓட்டச் சொல்லுங்கள். 30 டிகிரி சூட்டில் ஒரு மில்லி தண்ணீர் 0.9957 கிராம், அதாவது 50 மில்லி என்றால் 49.8 கிராம் பக்கம் வர வேண்டும். எனக்கு வந்தது 54.4. கணக்குப் போட்டால் 54.6 மில்லி, ஒன்பது சதவீதத்துக்கு மேல் அதிகம். தொட்டித் தண்ணீரை வைத்து எடை போடாதீர்கள், உப்புத் தண்ணீர் மில்லிக்கு 1.02 கிராமுக்கு மேல் இருக்கும், கணக்கு கெட்டுவிடும். அடுத்து ஆசிட் பம்பின் உறிஞ்சும் முனையை ஆர்ஓ தண்ணீரில் போட்டு 10 மில்லி ஓட்டினேன். எடை 9.76 கிராம், அதாவது 9.8 மில்லி, இரண்டு சதவீதம் குறைவு. சாம்பிள் ஒன்பது சதவீதம் கூட, ஆசிட் இரண்டு சதவீதம் குறைய, இரண்டுமே கேஎச்சை மேலே தள்ளுகிற பக்கம். 8.2-ஐ 1.09-ஆல் பெருக்கி 0.98-ஆல் வகுத்தால் 9.1 வருகிறது. திரையில் இருந்த அதே எண். அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. புரோப் பாவம், அதன் மேல் பழி போட்டது அநியாயம்.

இதோடு நிற்காமல் தெரிந்த கேஎச் உள்ள தண்ணீர் ஒன்றைச் செய்து அதையும் கொடுத்துப் பார்த்தேன். நம் வீட்டு ஆப்ப சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், ஒரு லிட்டரில் 0.3 கிராம் கரைத்தால் 10 டிகிரி. 0.3 கிராமைச் சின்னத் தராசில் நம்பி நிறுக்க முடியாது, அதனால் 3 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து வைத்துக்கொண்டு, அதில் 100 மில்லியை எடுத்து ஒரு லிட்டராக்குங்கள், அது 10 டிகிரி. 70 மில்லியை எடுத்து ஒரு லிட்டராக்கினால் 7 டிகிரி. புதுப் பாக்கெட்டாக இருக்கட்டும், பேக்கிங் பவுடர் கூடாது, அதில் வேறு சரக்கெல்லாம் கலந்திருக்கும். தண்ணீர் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்ட வேண்டும். கேன் தண்ணீர் கூடாது, அதிலேயே கொஞ்சம் காரத்தன்மை இருக்கும். வீட்டில் டிஐ பில்டர் (தண்ணீரில் மிச்சமிருக்கும் உப்பை நீக்கும் பில்டர்) இல்லாதவர்கள் பாட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கலாம், ஆனால் அதையும் மீட்டரில் பார்த்துவிட்டுத்தான். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் பாரிமுனை பக்கம் லேப் கெமிக்கல் கடைகளில் சுத்தமான பைகார்பனேட் கிடைக்கும், சின்ன டப்பாவே வருடக்கணக்கில் வரும்.

ஏன் இரண்டு அளவு என்றால், பிழையின் குணம் அதில்தான் வெளியே வரும். என் கருவி 10-ஐ 11.1 என்றும் 7-ஐ 7.8 என்றும் காட்டியது. கூடுதல் இரண்டிலும் ஒன்றாக இல்லை, அளவுக்குத் தக்கபடி வளர்கிறது. அப்படியென்றால் அது பம்ப் அல்லது ஆசிட் வீரியம். இரண்டிலும் ஒரே அளவு கூடுதல், உதாரணமாக 0.3, 0.3 என்று இருந்திருந்தால் புரோப்பைச் சந்தேகப்படலாம். ஒரே ஒரு தண்ணீரை வைத்து ஆஃப்செட் போடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கடைசிவரை தெரியாது.

புரோப் எவ்வளவு தூரம் கெடுக்க முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறுத்த வேண்டிய இடத்தில் பிஎச் 0.3 தப்பினால்கூட கேஎச்சில் சுமார் 0.2 டிகிரிதான் மாறும், ஏனென்றால் அந்த இடத்தில் ஒரு துளி ஆசிட்டுக்கே பிஎச் மளமளவென்று விழும். அதனால் ஒரு டிகிரி தப்புக்கு நல்ல நிலையில் இருக்கும் புதுப் புரோப்பைக் காரணம் சொன்னால் நம்பாதீர்கள். புரோப்பைச் சோதிக்க ஆப்பில் மில்லிவோல்ட் காட்டும் பக்கத்தைத் திறங்கள். பிஎச் 7 பஃபரில் பூஜ்யத்துக்குப் பக்கத்திலும், பிஎச் 4.01 பஃபரில் அதைவிடச் சுமார் 177 அதிகமாகவும் இருக்க வேண்டும், இது 25 டிகிரி சூட்டுக்கான கணக்கு. எனக்கு -3, 172, வித்தியாசம் 175. தொண்ணூற்றொன்பது சதவீதம், அருமையான புரோப். கருவியை நிறுத்தி வைக்கும்போது புரோப் நுனி காயக்கூடாது, வெறும் ஆர்ஓ தண்ணீரிலும் ஊறக்கூடாது, பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். இதை அந்தத் தம்பி சரியாகச் செய்தார், பழைய புரோப்பைக்கூடக் கரைசல் மூடி போட்டுப் பத்திரமாக என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கைக்கிட்டை வைத்துக் கருவியைச் சரிசெய்வது பற்றி ஒரு வார்த்தை. ஹான்னாவின் கேஎச் செக்கருக்கு அவர்களே சொல்லும் துல்லியம் 0.3 டிகிரி, அதோடு காட்டும் எண்ணில் 5 சதவீதம். 8 டிகிரியில் அது இரண்டு பக்கமும் 0.7 ஆகிறது. சாலிஃபெர்ட் மாதிரி சொட்டுக் கிட்டில் நிறம் மாறியதா இல்லையா என்பதை நம் கண்தான் முடிவு செய்கிறது. கருவி பெரிதாக விலகிவிட்டதா என்று எச்சரிக்க இவை அருமையானவை, எனக்கு முதல் சந்தேகத்தைக் கிளப்பியதே கிட்தான். ஆனால் 0.1 வித்தியாசம் பார்க்கும் கருவியை 0.7 வரை விலகக்கூடிய கிட்டுக்குச் சமமாகத் திருகுவதில் அர்த்தமில்லை.

இனி மறு விசிட். எடை எண்களையும் ஆப்ப சோடா எண்களையும் கம்பெனிக்கு அனுப்பினேன். மழுப்பவில்லை, பணம் கேட்கவில்லை. இந்த முறை கொஞ்சம் வயதில் மூத்தவர் ஒருவர் சொந்தத் தராசோடு வந்தார். என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அவரே திரும்ப அளந்தார், அது எனக்குப் பிடித்தது. 0.2 மில்லிக்குள் ஒத்துப் போனது. பம்ப் கேலிபரேஷன் மெனுவில் இரண்டு எண்ணையும் ஏற்றினார், ஆசிட் புட்டியின் லாட்டையும் வீரியத்தையும் ஆப்பில் இருப்பதோடு ஒப்பிட்டார், ஆப்ப சோடாத் தண்ணீரை மறுபடி ஓட்டினார். 10-க்கு 10.0, 7-க்கு 7.1. தொட்டி 8.2. "புது டியூப் முதல் சில மணி நேரம் ஓடித் தளர்ந்த பிறகுதாங்க அளக்கணும். அன்னைக்கே அளந்திருந்தாலும் ரெண்டு வாரத்துல கொஞ்சம் நகர்ந்திருக்கும். அதனால ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவ எடை போட்டுப் பாத்துக்கோங்க" என்றார். இதைத்தான் முதல் நாளே யாராவது சொல்லியிருக்க வேண்டும். அரை மதிப்பெண் குறைத்தது ஷீட்டுக்காக. அவரும் எண்களைத் தன் போனில் குறித்துக்கொண்டார், நான் கேட்ட பிறகுதான் எனக்கு எழுதிக் கொடுத்தார்.

கம்பெனிக்கு நான் நேரிலும் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். சர்வீஸ் ஷீட்டில் ஓகே என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் சாம்பிள் பம்ப் எத்தனை மில்லி, ஆசிட் பம்ப் எத்தனை மில்லி, புரோப் இரண்டு பஃபரிலும் எத்தனை மில்லிவோல்ட், தெரிந்த தண்ணீரில் என்ன காட்டியது, சர்வீஸுக்கு முன்பும் பின்பும். வருகிற தம்பிகளிடம் திறமை இருக்கிறது, கையில் ஒரு தராசும் ஒரு புட்டி ஸ்டாண்டர்டும் (கேஎச் தெரிந்த தண்ணீர்) கொடுத்து அனுப்பினால் அரை மணி நேரம் கூடும், அவ்வளவுதான். அந்த அரை மணி நேரத்துக்குக் காசு கேட்டாலும் நான் கொடுப்பேன். பவளம் வளர்க்கிறவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள், ஒரு நல்ல அக்ரோபோரா காலனி போனால் ஆகும் நஷ்டம் அதைவிடப் பல மடங்கு.

சென்னை வீடுகளுக்கென்று சில விஷயங்கள் உண்டு. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் கருவி இருந்தால் பஃபரை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு பயன்படுத்தாதீர்கள், அறைச் சூட்டுக்கு வரட்டும், ஆப்பில் வெப்பநிலையையும் சரியாகப் போடுங்கள். ஆசிட் கேனின் மூடியில் டியூப் போகும் ஓட்டை பெரிதாக இருந்தால் தண்ணீர் ஆவியாகி ஆசிட்டின் வீரியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், கேஎச் மெல்லக் குறைந்துகொண்டே காட்டும், பவளம்தான் குடிக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம். டெஸ்ட் நடுவில் கரண்ட் போய் வந்தால் முதல் எண்ணை விட்டுவிடுங்கள், கிண்ணத்தில் பாதித் தண்ணீர் நின்றிருக்கக்கூடும். ஆப்ப சோடா நம் ஊர் ஈரத்தில் கட்டி கட்டியாகும், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். டியூப் அவசரமாகத் தேவைப்பட்டால் கொளத்தூர் மீன் கடைகளில் டோசர் பம்ப் டியூப் சில நேரம் கிடைக்கும், ஆனால் உள்விட்டமும் சுவர்த் தடிமனும் ஒன்றாக இருக்கிறதா என்று பழைய துண்டைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

திரும்பக் கூப்பிடுவேனா என்றால், கூப்பிடுவேன். தப்பு வந்தபோது ஓடி ஒளியாமல் ஆள் அனுப்பினார்கள், அது பெரிய விஷயம். புக் செய்யும்போதே பம்ப் அளவு எடுத்துத் தருவீர்களா, எண்ணை எழுதித் தருவீர்களா என்று கேட்டு, ஒப்புக்கொண்ட பிறகு தேதி கொடுங்கள். விசிட்டுக்கு இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது, டியூபும் புரோப்பும் தனி. ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. தாம்பரம், வேளச்சேரி பக்கமெல்லாம் வருகிறார்கள்.